அடுத்த அறைச் சத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் ஈரத்தரையில் நின்று நின்று நீயே வாங்கிக்கொண்ட வலி அது. அத்தானும் உன் மகள் வாலுவும் சௌக்கியம்தானே? எனக்குச் சளியைத் தவிர ஒரு குறையும் இல்லை.

அக்கா, எனக்கு வேஷம் கிடைத்திருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி. பத்து வருஷமாகத் தபால்காரன், பாங்க் குமாஸ்தா, கூட்டத்தில் மூன்றாவது வரிசை. போன படத்தில் பிணம். அதிலும் கண்ணைச் சிமிட்டித் திட்டு வாங்கினவன் நான். இப்போது ஹீரோவுக்குச் சமமான வேஷம்!

ஜெனரல் ஆட்சியை எதிர்த்து போஸ்டர் ஒட்டி மாட்டிக்கொண்ட காலேஜ் பிள்ளைகளின் கதை. அவர்களை உட்காரவைத்து விசாரிக்கிற அதிகாரி நான். டைரக்டர் ஒரு சின்னப் பெண். ஜெனரல் ஒழிந்த பிறகு பிறந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. எனக்குத் தெரிந்த அதிகாரிகளோ சினிமாவில் மேஜையைத் தட்டிப் பல்லைக் கடிப்பவர்கள். நிஜத்தில் அப்படித்தான் இருந்தார்களா? அத்தானிடம் கேட்டு எழுதேன். அவர் மனசு நோகும் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கேள்.

சளியோடும் சந்தோஷத்தோடும்,
உன் தம்பி


பிப்ரவரி 19

பிரியமுள்ள தம்பிக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது, நீ அதை விடு. சளிக்கு வெந்நீர் குடி, சிகரெட்டைக் குடிக்காதே. நீ எழுதினதைப் படித்ததும் வாலு பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். உன்னை ஹீரோ என்றே சொல்லி வைத்திருக்கிறாள். வில்லன் என்று தெரியும்போது நீயே சமாளி.

அத்தானிடம் கேட்கச் சொன்னாய். உனக்குத் தெரியாதது இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நானும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இருபது வயதில் பிடித்துக்கொண்டு போனார்கள், மூன்று மாதம் வைத்திருந்தார்கள், கூடப் போன சிநேகிதன் நெட்டை திரும்பி வரவில்லை, இவர் வந்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதுவும் மாமியார் சொன்னது.

இரண்டு வாரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, நேற்று அவர் பஸ் டிப்போவிலிருந்து வந்து கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். சோப்பை வைத்துவிட்டு, "பெரிய வேஷமா?" என்றார். "ரொம்பப் பெரிசாம்" என்றேன். மறுபடி சோப்பை எடுத்துத் தேய்த்தார். ஏற்கெனவே சுத்தமான கையை. அப்புறம், "எழுதிக் கேட்டா சரிப்படாது. வரச்சொல்லு" என்றார்.

வா. இரண்டு நாளாவது தங்குகிற மாதிரி வா.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சாப்பாடு அறையில் இருந்த மூன்று பேருக்கும் போதவில்லை. உன் கைவலிக்குத் தைலம் வாங்கி அனுப்புகிறேன். கைவலியை மறைக்கிறாய், நான் பார்த்தேன்.

டிப்போவில் அத்தானோடு இரண்டு நாளும் என்ன பேசினேன் என்று பஸ் ஏறும்வரை கேட்டாய். இதுவரை சொல்லலாம்: பிரேக் பார்க்கிற குழிக்குள் இறங்கி நின்று, பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்த்தபடியேதான் பேசினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரை விசாரித்த அதிகாரி மேஜையைத் தட்டவே மாட்டாராம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டியா தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பாராம். அத்தான் அந்தக் குரலில் பேசிக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. நான் திருப்பிப் பேசிக் காட்டினேன். "இன்னும் மெதுவா" என்றார். மறுபடி பேசினேன். "இன்னும் மெதுவா." நாலாவது தடவை கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "ஆங். அதேதான்" என்றார்.

வேறு ஒன்றும் சொன்னார். அது படத்துக்கு இல்லை, எனக்கு மட்டும் என்றார். அதனால் உனக்கும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

தைலம் வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலி போகவில்லை. உன் வயிறு எப்படி இருக்கிறது, அந்த ஓட்டல் சாப்பாட்டில்?

கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், பதில் எழுத வேண்டாம். பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தவளிடம் சொல்லாததை இரண்டு நாள் வந்தவனிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர் துணியைப் பார்த்தே அன்றைக்கு எந்த வண்டி அவர் கையில் என்று சொல்லிவிடுவேன். ஆனால் மனசுக்குள் இருப்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நீ போன பிறகு அவர் கொஞ்சம் லேசாக இருக்கிறார். நேற்று விசில் அடித்தார். நம் வீட்டில் விசில்! வாலு பயந்துபோய், "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்கிறாள். அதற்காகவாவது உனக்கு நன்றி.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். அத்தான் எப்படி இருக்கிறார்? நானும் இருக்கிறேன். ஷூட்டிங் முடிந்துவிட்டது. டைரக்டருக்கு ரொம்பத் திருப்தி. செட்டில் லைட் பிடிக்கிறவர்கள்கூட என் கிட்டே வந்து உட்காரத் தயங்கினார்கள். நல்லதுதானே?

அத்தானுக்கு இப்போது எந்த ஷிஃப்ட்? படம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தாலும் எல்லாரும் பார்த்தே ஆகவேண்டிய படம் இல்லை. கொஞ்சம் நீளமும்கூட. அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூலை 30

பிரியமுள்ள தம்பிக்கு,

இது உனக்கு மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் சேர்ந்ததா, நீ உயிரோடு இருக்கிறாயா, இல்லை பெரிய நடிகர்கள் பதில் எழுதுவதில்லையா? எங்கள் எல்லாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒரு சந்தோஷமான செய்தி. உன் படம் இங்கே வருகிற அன்றைக்கு, அந்தக் காலத்தில் உள்ளே போய் வந்தவர்களுக்கு மரியாதை செய்யப்போகிறார்களாம். எங்கள் ஊரில் மிச்சம் இருப்பது நாலு பேர். டிப்போ சங்கத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். அத்தான் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "மச்சான் நடிச்ச படம். போகாம இருந்தா நல்லா இருக்காது" என்கிறார். நீலச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரிசை.

பதில் போடு.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்கா,

உன் கடிதங்கள் மூன்றும் வந்தன. எதற்கும் பதில் எழுதக் கை வரவில்லை.

படத்துக்குப் போகாதீர்கள். அத்தானுக்குக் காய்ச்சல் என்று சொல். வாலுவுக்குக் காய்ச்சல் என்று சொல். எதையாவது சொல்.

அவர் எனக்கு மட்டும் என்று சொன்ன அந்த ஒன்று படத்தில் வந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை, என்னை நம்பு. அன்றைக்கு ஷாட்டில் நானும் அந்தப் பையனாக நடித்தவனும் மட்டும். கேமரா ஓடுகிறது. வசனம் முடிந்தும் டைரக்டர் கட் சொல்லவில்லை. நான் அத்தான் சொல்லிக்கொடுத்த குரலுக்குள் இருந்தேன். மூலையில் ஒரு பழைய ரேடியோ, சும்மா அலங்காரத்துக்கு வைத்தது. அதைப் பார்த்தேன். அந்த வரி தானாக வந்துவிட்டது. அந்தப் பையனும் எழுந்து போய்த் திருகிவிட்டான்.

எடுத்துவிடச் சொல்லி டைரக்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "படத்துலயே நிஜமான இடம் அது ஒண்ணுதான் சார்" என்கிறார். ஏன் வேண்டாம் என்று காரணம் கேட்கிறார். காரணத்தைச் சொன்னால் அதையும் சொன்னதாக ஆகிவிடுமே.

போகாதீர்கள்.

தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

நேற்று படம் பார்த்தோம். நீ நன்றாக இருக்கிறாயா? நாங்கள் மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

முதலில் நாலு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். அத்தான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அப்புறம் விளக்கை அணைத்தார்கள்.

நீ வந்தாய். தம்பி, என் கூடப் பிறந்தவனை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி அந்தப் பையனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறாய், டீ கொடுக்கிறாய். அடுத்த அறையில் இன்னொரு பையனை அடிக்கிறார்கள், அவன் கத்துவது கேட்கிறது. நீ தலையைக்கூடத் திருப்பவில்லை. "அந்த ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வை, தம்பி" என்கிறாய். அவன் எழுந்து போய்த் திருகுகிறான். பாட்டு வருகிறது. "இன்னும் கொஞ்சம்" என்கிறாய். இன்னும் திருகுகிறான். கத்துவது கேட்கவில்லை, பாட்டுதான் கேட்கிறது.

நான் அத்தான் பக்கம் திரும்பினேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. வலது கை நாற்காலிப் பிடியின்மேல் இருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ திருகிக்கொண்டே இருந்தன.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்த அறையில் இருந்தது நெட்டை.

கல்யாணமான புதிதில் அப்பா எங்களுக்கு ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ரிப்பேர் என்று எடுத்துப்போனவர் திரும்பக் கொண்டுவரவே இல்லை. பஸ்ஸையே கழற்றி மாட்டுகிறவருக்கு ஒரு ரேடியோ வசப்படவில்லையா என்று எத்தனை பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

வீட்டுக்கு வந்து, "படம் நல்லாத்தான் எடுத்திருக்காங்க. உன் தம்பி நல்லா பண்ணியிருக்கான்" என்றார். கை கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வெளியே நின்றேன். கதவைத் தட்டவில்லை.

இதைப் போய் எனக்கு எழுதாமல் விட்டாயே.

அக்கா


செப்டம்பர் 22

தம்பிக்கு,

உன் கடிதம் நாங்கள் படம் பார்த்த நாலாம் நாள் வந்தது. நீ எழுதாமல் விடவில்லை. தபால்தான் தாமதம். உன்னைத் திட்ட எனக்குக் காரணம் இல்லை. காரணம் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நன்றாகத் தூங்குகிறாயா? இங்கே வாலு ஒருத்திதான் தூங்குகிறாள்.

உனக்குத் தெரிந்திருக்கும், அந்த வரி ஊரெல்லாம் பரவிவிட்டது. யாராவது புலம்பினால், குழந்தை அழுதால், இரண்டு பேர் சண்டை போட்டால், பக்கத்தில் இருப்பவன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி செய்து, "ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வை, தம்பி" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கள் சலவைக்கூடத்தில்கூட, வார்டில் ஒரு கிழவர் வலியில் முனகுவது கேட்டபோது ஒருத்தி சொன்னாள். நல்ல பெண்தான் அவள். நான் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தேன். என்ன சொல்லித் தடுப்பேன்?

டிப்போவில் பையன்கள் தகரத்தை அடிக்கும்போதெல்லாம் சொல்கிறார்களாம். அத்தானின் மச்சான் நடித்தது என்று பெருமை வேறு. அவரைப் பார்த்தாலே சொல்கிறார்கள். மரியாதைக்காக. அவர் சிரிக்கிறாராம். போன வாரம் அவராகவே டயர் ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இருபது வருஷம் பிரேக் பார்த்தவர். அங்கே தனியாக உட்கார்ந்து டயருக்கு நம்பர் போடுகிறார்.

நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். சாப்பாடு போடுகிறேன், சாப்பிடுகிறார்.

அக்கா


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்பைக் கேட்காதே, அது நன்றாகக் கொழுத்துத்தான் இருக்கிறது. உன் முட்டிக்கு நல்ல டாக்டரைப் பார். இப்போது என்னால் அனுப்ப முடியும்.

தெருவில் நடக்க முடியவில்லை. அந்த வரியைச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன் என்கிறார்கள். ஒரு கடைத் திறப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சொன்னேன் அக்கா. குழந்தைகள் கைதட்டின. ஆறு படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறும் அதிகாரி வேஷம், அதே குரல் வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அத்தான் என்னை நாலு அறை அறைந்தாலும் சரி.

தம்பி


அக்டோபர் 29

பிரியமுள்ள தம்பிக்கு,

வந்த அன்றைக்கு நீ ஒன்றும் சாப்பிடாமல் போனாய். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நீ கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட்டீங்களா அத்தான்?" என்றுதான் கேட்பாய். அப்படியேதான் கேட்டாய். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, "சாப்பிட்டேன், சார்" என்றார். வாலு தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். நீயும் சிரிக்கப் பார்த்தாய். அவர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு, உன்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? நீ போன பிறகு, "பாவம், அவன் என்ன நினைச்சிருப்பான்" என்று பத்து தடவை சொன்னார்.

இன்னொன்றும் நடந்தது. போன புதன்கிழமை நெட்டையின் தங்கை வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், தலை நரைத்துவிட்டது. நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. அத்தான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். உட்காரச் சொன்னோம்.

"படம் பார்த்தேண்ணே. அந்த ரேடியோ... அது நிஜமா?"

"நிஜந்தாம்மா."

"அடுத்த ரூம்ல இருந்தது எங்க அண்ணனா?"

"ஆமா."

"திருகினது?"

"நான்தான்."

நான் டீயை வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: "என்ன சொல்லிக் கத்தினான்? யாரையாவது கூப்பிட்டானா? எங்க அம்மா சாகிறவரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா."

அத்தான் சொன்னார்: "எனக்குக் கேக்கலைம்மா. கேக்கக்கூடாதுன்னுதான் இன்னும் சத்தமா வெச்சேன்."

அவள் திட்டியிருக்கலாம். கடைசி பஸ் எப்போது என்று கேட்டாள். நான் கூடப் போனேன். பஸ் நிறுத்தத்தில், "தூக்கத்துலயே உயிர் போயிருச்சுன்னு எழுதிக் கொடுத்தாங்க. அம்மா நம்பலை, நான் நம்பிட்டேன் அக்கா" என்றாள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அவள் எனக்கு மூத்தவள்.

திரும்பி வந்தபோது அவர் இருட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன். பிடித்த கைக்குள்ளேயும் அந்த இரண்டு விரல் அசைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாளைக்கு வராதே தம்பி. எத்தனை நாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று.

அக்கா


நவம்பர் 25

மச்சானுக்கு,

உன் அக்கா சொல்லி நான் எழுதவில்லை. நானாக எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உடம்பு பரவாயில்லை. டயர் ஸ்டோரில் ரப்பர் நாற்றம், வேறு கஷ்டமில்லை. உன் அக்காவுக்கு ஒரு முட்டியில் ஊசி போட்டிருக்கிறது. அடுத்த முட்டிக்கு அடுத்த மாதம்.

உன்மேல் கோபம் இருக்கிறது என்று நினைக்காதே. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ‘இன்னும் மெதுவா’ என்றதும் நான்தான். நீ நன்றாகக் கற்றுக்கொண்டாய்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த ஆளின் முகத்தை நான் மறந்துவிட்டிருந்தேன். ரொம்ப வருஷம் பாடுபட்டு மறந்தது. குரல் மட்டும் மிச்சம் இருந்தது, அதை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் குரலுக்கு உன் முகம் வந்துவிட்டது. வாலு பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கினவன் நீ. அந்த முகம். எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை. ராத்திரி வருவதும் நீதான்.

நெட்டையின் தங்கைக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

உன் அக்காவை நீ பார்க்காமல் இருக்க வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் வாலுவும் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்கள். உள்ளே மூன்றாவது மேடைக்குப் பின்னால் நிழலில் பெஞ்சு இருக்கிறது, கூட்டம் இருக்காது. அவள் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள். நான் வீட்டில் இருப்பேன்.

எனக்கு எழுது. உன் அக்காவுக்கு எழுதுவதில் இரண்டு வரி சேர்க்காதே, எனக்கென்று தனியாக எழுது. இதுவரை உன் கடிதங்களை அவள்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், உன்னை மாதிரியே பேசி. இனி நானே படித்துக்கொள்கிறேன். எழுத்தில் உன் குரல் எனக்குக் கேட்பதில்லை.

அத்தான்